சுவர் நின்ற இடத்தையும் காட்டுங்கள்: வடக்கன்குளம் பங்கு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயப் பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைக்கும், அன்பியங்கள் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்களுக்கும், எந்த ஊரில் பிழைத்தாலும் திருவிழாவுக்கு ஊர் வந்துசேரும் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும்,

தோத்திரம்.

நான் உங்கள் பங்கைச் சேர்ந்தவன் அல்ல. இதே மறைமாவட்டத்தில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் வேறொரு பங்கில் பிறந்து வளர்ந்தவன். ‘உன் ஊர்க் கோயில் கதையை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு எதற்கு வருகிறாய்’ என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். என் ஊரில் நான் செய்த ஒரு தப்புதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்கின் ஜூபிலிக்கு மலர் போட்டோம். நாலு வரி பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் ‘பங்கு வரலாறு’ என் தலையில் விழுந்தது. மலரில் முக்கால்வாசி வாழ்த்து விளம்பரங்கள்: நகைக்கடை, பஸ் கம்பெனி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகளின் குடும்பப் படங்கள். வரலாற்றுக்கு ஆறு பக்கம். எங்கள் கோயிலில் ஒரு தெருக்காரர்கள் வெகுகாலம் தனியே ஒதுங்கி நின்று பூசை கண்டதைப் பற்றி அதில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். குழுக் கூட்டத்தில் யாரும் சண்டை போடவில்லை. “உண்மைதான், ஆனா இப்போ எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே நானே பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன்.

மலர் வெளியான அன்று அந்தத் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஒரு பிரதி வாங்கிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா நாற்பது வருடம் எங்கள் கோயில் மணியை அடித்தவர். பாட்டி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடினார். கோயில் கட்டிய சாமியார்கள் பெயர் இருந்தது, கொடிமரம் கொடுத்தவர் பெயர் இருந்தது, மைக் செட் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் மலரை மூடி, சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து, “படமெல்லாம் நல்லா வந்திருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அப்பா பெயர் நான் அடித்த பத்தியில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எந்த ஊர்க் கோயில் வரலாற்றைப் படித்தாலும், இதில் அடிபட்டுப்போன பத்தி எது என்றுதான் மனம் தேடுகிறது. அப்படித் தேடிக்கொண்டு உங்கள் ஊருக்கு ஒருமுறை வந்தேன். காவல்கிணற்றில் பஸ் மாறி வந்து இறங்கியபோது ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்காகத்தான் சுற்று வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. குடை பிடிக்க முடியவில்லை. உங்கள் ஊர்ப் பங்கு பிறந்த கதைக்கும் அந்தக் கணவாய்க்கும் சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயிலுக்குள் போனேன். சாயந்திர நேரம், ஒரே ஒரு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். உங்கள் கோயிலின் அமைப்பை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். கவட்டைக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கவட்டையின் இரண்டு கைகளும் இரண்டு நீள மண்டபங்கள். அவை சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரு மண்டபத்தில் இருப்பவருக்கு மறு மண்டபத்தில் இருப்பவர் தெரியமாட்டார். சாமியார் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். ‘கால்சட்டைக் கோயில்’ என்று கேலியாகவும் செல்லமாகவும் ஒரு பெயர் இதற்கு வந்தது அதனால்தான். அந்த அக்கா ஒரு கையைப் பெருக்கிக்கொண்டே பீடம் வரை வந்தார். விளக்குமாற்றைத் தூக்காமல் அப்படியே திரும்பி அடுத்த கைக்குள் போனார். அவ்வளவு சாதாரணமாக அவர் கடந்துபோன இடத்தில்தான் ஒரு காலத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் நின்றது என்று எனக்குத் தெரிந்ததால் கொஞ்ச நேரம் நகராமல் நின்றேன்.

2022 மே 15-ல் உரோமையில், உங்கள் ஊரில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதிலிருந்து உங்கள் ஊரைத் தேடி வருகிறவர்கள் கூடியிருப்பார்கள். வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும். பலகையில் எழுத, கைப்பிரதியில் அச்சடிக்க, மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வடிவம் வேண்டும். ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அடுத்த ஐம்பது வருடத்துக்கு அதுதான் வரலாறு. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். தெற்குச் சீமையில் கத்தோலிக்க வேதம் முதலில் கடற்கரையில்தான் பரவியது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். உள்நாட்டுக் கதை வேறு. பனங்காட்டு ஊர்களுக்கு வேதம் போய்ச்சேர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. வடக்கன்குளத்தில் 1680-ல் ஒரு நாடார் பெண் வேதத்தில் சேர்ந்ததோடு சபை தொடங்கியது. 1685-ல் ஒரு கோயில் எழும்பியது. 1701-ல் நிலையான மிஷன் அமைந்தது. வரலாற்று நூல்கள் இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த முதல் வரியில் கொஞ்சம் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசன் மாறினான், அவனோடு குடிகள் மாறின என்ற கதை இல்லை இது. படையெடுத்து வந்தவனும் இல்லை, பெரிய சாமியாரின் அற்புதமும் இல்லை. ஒரு பெண். வெளியூர் அறிஞர்கள் ‘ஒரு நாடார் பெண்’ என்பதோடு முடித்துக்கொள்ளட்டும். உங்கள் ஊர்ப் பாட்டிமார் வாயில் அவர் ஒரு பெயரோடு இருக்கிறார் அல்லவா? அந்தப் பெயரை, பாட்டிமார் சொல்கிற கதையோடு, பங்கு வரலாற்றின் முதல் பக்கத்தில் போடுங்கள். அடிக்குறிப்பில் வேண்டாம்.

அந்தக் காலத்தில் ஒரு பனையேறிக் குடும்பம் வேதத்தில் சேருவது என்றால் என்ன என்பதையும் எழுதலாம். பனையேற்றுக் காலத்தில் விடிவதற்கு முன்னே மரத்தில் இருக்க வேண்டும், சாயந்திரம் திரும்ப ஏற வேண்டும். நடுவில் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில். இந்த நாள்கணக்குக்குள் ‘விசுவாச மந்திரம்’ மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் அதற்கு ராத்திரிதான் நேரம், சொல்லிக்கொடுக்க ஆளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இயேசு சபையின் மதுரை மிஷனில் ஒரு குருவுக்குப் பத்து ஊர் இருபது ஊர் இல்லை, ஒரு சீமையே பங்கு. வருடத்தில் சில நாள் வந்துபோவார். மிச்ச நாளெல்லாம் வேதத்தைக் காத்தவர் உபதேசியார். சாகக் கிடக்கிறவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், ஞாயிற்றுக்கிழமை செபம் சொன்னதும், கல்யாணம் பேசி முடித்ததும், சண்டையைத் தீர்த்ததும் அவர்தான். நம் பங்கு வரலாறுகளில் குருக்களின் பட்டியல் வருடக் கணக்கோடு இருக்கும். உபதேசியார்களுக்கு ‘பலர் உழைத்தனர்’ என்று ஒரு வரி.

இப்போது கணவாய்க்கு வருகிறேன். மேற்கே திருவிதாங்கூர், கிழக்கே பாண்டிச் சீமை. நடுவில் ஆரல்வாய்மொழிக் கோட்டைவாசல். உங்கள் ஊர் வாசலுக்குக் கிழக்கே, ராஜாவின் கை எட்டாத பக்கம். மலையைத் தாண்டினால் வேறு ஆட்சி. நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்த நீலகண்டன் ஞானஸ்நானத்துக்கு இங்கே நடந்து வந்ததன் காரணம் பாதி அதில் இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்று, பிடிபட்ட அவர்கள் தளபதி டி லனாய் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். கத்தோலிக்கரான அந்த டி லனாய், மாடு செத்து, சொத்து கரைந்து நொந்துபோயிருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னார். ஞானஸ்நானம் வேண்டும் என்றபோது வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1745 மே 14-ல் இயேசு சபைக் குரு புத்தாரி, தமிழில் பரஞ்சோதி நாதர், தண்ணீர் ஊற்றினார். உபதேசியார் ஞானப்பிரகாசம் பிள்ளை ஞானத்தகப்பனாக நின்றார் என்பது மரபு. லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். பரஞ்சோதி நாதர் பெயரில் ஆரம்பித்து ஊரே அந்த நாளைக் கொண்டாடுவது சரிதான். ஆனால் தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூவை நாம் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கணவரோடு வேதத்தில் சேர்ந்து, 1752 சனவரி 14-ல் காற்றாடிமலையில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஞானப்பூ வந்து ஒண்டிய ஊர் உங்கள் ஊர். அவர் அடக்கமானதும் உங்கள் மண்ணில்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கணவரின் எலும்புகள் கோட்டாற்றில் சவேரியார் கோயிலில். இவர் இங்கே. ஒரு விதவை, சொந்த பந்தம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், பாஷையின் ராகம்கூடக் கொஞ்சம் வேறு. அவருக்கு இடம் கொடுத்த வீடு எது, அவர் என்ன செய்து சாப்பிட்டார் என்றெல்லாம் ஊரில் யாரிடமாவது ஒரு துண்டுக் கதை இருந்தால் அதை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். கதைதானே என்று விட்டுவிட வேண்டாம்.

அந்த ஞானஸ்நானத்துக்கு எட்டு மாதம் முன்னால், 1744 செப்டம்பரில், உரோமையிலிருந்து போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு ஆணை போட்டிருந்தார். சாதி வழக்கங்களுக்கு மிஷனரிகள் எதுவரை இடம் கொடுக்கலாம் என்று நாற்பது வருடமாக நடந்த சண்டைக்கு அது முடிவு. 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு நொபிலி, சன்னியாசிக் கோலம் பூண்டு, சாதியை மாற்றச் சொல்லாமலே வேதத்தைக் கொடுத்தார். அந்த வழியில் மிஷன் வளர்ந்தது. கூடவே, பறையர் வீட்டுக்குள் சென்று நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல், அதாவது சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு, கொடுக்காத பழக்கமும் வளர்ந்தது. போப் அதைக் கூடாது என்றார். மிஷன் அதற்கு என்ன வழி கண்டது தெரியுமா? ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்குவது. உரோமையும் சரி என்றது. ஆணையும் நிறைவேறியது, தீட்டும் தப்பித்தது. நம் ஊர் ஆட்களுக்கு மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கோயிலுக்குள் பிறகு எழுந்த சுவரை ‘அந்த ஊர்க்காரர்கள் அப்படி’ என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் வெகு முன்னாலேயே, வெகு தூரத்தில் போடப்பட்டுவிட்டது. ஒரு வழியில் சொன்னால், 1872-ல் எழும்பிய உங்கள் கோயிலின் வரைபடம் 1744-லேயே இருக்கிறது.

நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. 1759-ல் போர்ச்சுகல் இயேசு சபையைத் துரத்தியது, 1773-ல் போப்பே சபையைக் கலைத்தார். பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838-ல். அறுபத்தைந்து வருடம், கிட்டத்தட்ட மூன்று தலைமுறை. அந்தக் காலத்தில் வந்துபோன குருக்கள் கொஞ்சம், ஊரில் தங்கி வேதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியார்களும் பெண்களும் நிறைய. பங்கு வரலாற்று நூல்களில் இந்த அறுபத்தைந்து வருடத்துக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். கோயிலுக்குப் பக்கத்தில் யார் வீடு இருந்தது, விளக்குக்கு எண்ணெய் யார் கொடுத்தார்கள், மாதா சுரூபத்தை யார் வீட்டில் வைத்துக் காத்தார்கள் என்ற வீட்டுக் கதைகளுக்கு இந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

சரி, சுவருக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார்களின் நிலை வேகமாக மாறியது. மலைக்கு அந்தப் பக்கம் தோள்சீலைக்காக 1822-லிருந்து 1859 வரை சண்டை நடந்தது. மயிலாடியில் 1806 முதல் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை வேரூன்றியிருந்தது. பள்ளிக்கூடம், அச்சகம் என்று அக்கம்பக்கம் எல்லாம் பேச்சு. கருப்பட்டி வியாபாரத்தில் காசு பார்த்தவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், ‘நான் ஏன் பின்னால் நிற்க வேண்டும்’ என்று கேட்க ஆரம்பித்தான். எதிர்ப்பக்கத்தில் வெள்ளாளரும் முதலியாரும் முன்னிடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பாட்டுக்குழுவில் யார், பீடத்தண்டை யார், தேருக்கு முன்னால் யார் என்று ஒவ்வொன்றுக்கும் தகராறு. பிரெஞ்சுக் குருக்களுக்கு இரண்டு பக்கத்தையும் இழக்க மனமில்லை. அதனால்தான் 1872-ல் எழும்பிய கோயிலுக்கு இரண்டு கை. ஒரு கையில் வெள்ளாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், மறு கையில் நாடார்கள், நடுவில் சுவர், முனையில் ஒரே பீடம். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், இரண்டு வாசல்.

கட்டடக் கலை என்று பார்த்தால் இது ஒரு சாதனைதான், மறுக்கவில்லை. அத்தனை பெரிய இரண்டு மண்டபங்களைக் கோணத்தில் கொண்டுவந்து ஒரு புள்ளியில் சேர்ப்பது லேசான வேலையில்லை. கொத்தனார்களை நினைத்துப் பார்க்கிறேன். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் செபிப்பதற்காக அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள். தேவசகாயத்தின் மேல் அன்று சொல்லப்பட்ட குற்றங்களில், சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார் என்பதும் சேர்ந்திருந்தது. அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊர்க் கோயிலில், நூற்றிருபத்தேழு வருடம் கழித்து, இது நடந்தது.

சுவர் 1910-ல் எடுக்கப்பட்டது. எடுத்ததோடு முடியவில்லை. பிள்ளைமாரும் முதலியாரும் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் ஆண்டகை மேல் வழக்குப் போட்டார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், பீடத்தண்டைப் பணிகளில் எங்களுக்கு மட்டும் உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மிக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைத் தொகுதியில் அது இருக்கிறது. சாதியையும் சட்டத்தையும் பற்றி எழுதுகிற அறிஞர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். நீதிமன்றம் விஷயத்தை நேராகப் பிடித்தது. இன்னார் என் பக்கத்தில் வரக் கூடாது என்று கேட்பதற்குத் தீட்டைத் தவிர வேறு வேர் கிடையாது. நீங்கள் கிறிஸ்தவர்கள், தீட்டுக்கு உங்கள் வேதத்தில் இடமில்லை, ஆகவே அது பட்டதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இதுதான் தீர்ப்பின் சாரம். வழக்குத் தோற்றது.

இதன் கனம் புரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு வழக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள். அந்த வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நடுவில் 1899-ல் சிவகாசிக் கலவரம். அந்தச் சூட்டில், கமுதித் தீர்ப்பு வந்த இரண்டாவது வருடம் உங்கள் ஊரில் சுவர் விழுகிறது. அதைத் திரும்ப எழுப்ப நீதிமன்றம் மறுக்கிறது. அன்று தெற்குச் சீமையில் ஒரு கோயிலுக்குள் நாடார்களின் இடம் பற்றிச் சட்டம் அவர்களுக்குச் சாதகமாகப் பேசியதற்கு உங்கள் ஊர் ஒரு சாட்சி. எந்த ஊராவது இப்படி ஒரு அத்தியாயத்தைத் தன் வரலாற்றிலிருந்து ஒளித்துவைக்குமா? பெருமையாகவே சொல்லலாமே, சுவர் இருந்தது, எடுத்தோம், திரும்ப வரவில்லை என்று.

ஆனால் பெருமையை மட்டும் எழுதச் சொல்லவில்லை. அந்த இரண்டு கைகளிலும் இடம் கிடைக்காதவர்கள் எங்கே நின்றார்கள் என்ற கேள்வியும் உங்கள் வரலாற்றில் வர வேண்டும். எங்கள் ஊரில் நான் அடித்த பத்தி அதைப் பற்றியதுதான் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. இரண்டு பெரிய சாதிகளுக்கு நடுவே நடந்த சண்டையை மட்டும் எழுதினால், மூன்றாவதாக நின்றவர்கள் இரண்டாம் முறையும் வெளியே போய்விடுவார்கள். அவர்கள் தெருவுக்குப் போய், பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். குழுவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

‘பழசைக் கிளறினால் சண்டை வரும்’ என்பார்கள். எங்கள் குழுவிலும் அதைத்தான் சொன்னார்கள். வழக்குப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் சுவரின் மறுபக்கத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே கோயிலில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள், ஒரே அன்பியக் கூட்டத்தில் பேசுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது என்றா நினைக்கிறோம்? வீட்டுக்கு வீடு தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதிரி தெரியும், அதுதான் பிரச்சினை. கோயில் ஒரு தடவை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் வீட்டுக்கு வீடு வேறு வேறாகச் சொல்ல வேண்டியதில்லை. தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்கும்போது பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து கோரிக்கை போனது. அப்போதும் சண்டை வரும் என்றார்கள். வத்திக்கான் அந்தப் பட்டம் இல்லாமலே அறிவித்தது. என்ன ஆகிவிட்டது? விழா நடந்தது, கூட்டம் வந்தது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. சுவர் நின்ற கோட்டில் தரையில் ஒரு கல்வரி, வேறு நிறக் கல்லில். மேலே நடந்துபோக இடைஞ்சல் இல்லாதபடி தரையோடு தரையாக. ‘இங்கே ஒரு சுவர் இருந்தது, 1910-ல் எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி. திருவிழாவுக்கு வரும் பிள்ளை அம்மாவிடம் ‘எதுக்கும்மா சுவர்?’ என்று கேட்கட்டும். அம்மா திணறட்டும். அதுவும் மறைக்கல்விதான்.

இன்னொன்று பதிவேடுகள். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்கில் எழுதி வைக்க வேண்டும் என்று 1563-ல் திரிதெந்தினோ சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் விதித்தது. அதிலிருந்து ஒவ்வொரு பங்கும் ஒரு ஆவணக் காப்பகம்தான், பங்குக்காரர்களுக்கே அது தெரியாது என்றாலும். ஆள் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி, குருவின் கையெழுத்து. லத்தீனில் இருக்கும், பிரெஞ்சுக் கையெழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள் வளைந்து நெளிந்து கிடக்கும். யார் யாருக்கு ஞானத்தாயாக நின்றார்கள் என்று பார்த்தாலே எந்தத் தெரு எந்தத் தெருவோடு பழகியது என்று தெரிந்துவிடும். சுவர் இருந்த காலத்திலும் சுவரைத் தாண்டி யாராவது ஞானத்தகப்பனாக நின்றார்களா? எனக்கு உங்கள் ஊரில் தெரிந்துகொள்ள ஆசை உள்ள ஒரே கேள்வியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பதிவேடுகளை ஜெராக்ஸ் போடாதீர்கள். அழுத்தி விரித்தால் தையல் விட்டுப்போகும். ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய மையில் இரும்புச் சத்து உண்டு, அது தாளைத் தின்னும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுந்த பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சுவரிலும் ஒட்டாமல் வையுங்கள், கரையான் ஏறுவது குறையும். மேலிருந்து கேமராவில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு யாரும் மூலத்தைத் தொட வேண்டியதில்லை. கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் இயேசு சபைக் காப்பகத்தில் மதுரை மிஷனின் கடிதங்கள் இருக்கின்றன. அங்கே குருக்கள் தங்கள் மேலிடத்துக்கு எழுதியது கிடைக்கும். உங்கள் அலமாரியில் இருப்பது மக்களின் பெயர்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பங்கு வரலாறு.

நானே வரத் தயார். ஆடிக் காற்று அடங்கட்டும், புரட்டாசியில் ஒரு வாரம் விடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன். கேமரா, அதை மேலிருந்து மாட்டும் தாங்கி, விரிக்க வெள்ளைத் துணி எல்லாம் என்னிடம் இருக்கிறது. கூலி ஒன்றும் வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள ஒரு அறையும், ஆடாத ஒரு மேசையும், பக்கம் புரட்டப் பொறுமையான கையுள்ள இரண்டு பிள்ளைகளும் கொடுங்கள். ஒரு பிள்ளை இந்தப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஒரு பிள்ளை அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தால் பெயர்களை வாசிக்க எனக்கு உதவியாக இருக்கும். தங்கள் தெருப் பெயர்களை அவர்கள்தான் சரியாக வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
பக்கத்துப் பங்குக்காரன் ஒருவன்